பழம்பொருள் என்னும் பொய்ப்பெயர்

"இது பழம்பொருள், அப்பா. அருங்காட்சியகத்தில் இருப்பதைப் போன்றது." சான்டா கிளாராவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பமொன்றில், வயது வந்த மகன் தன் முதற் கைத்துப்பாக்கியை வாங்க முனைந்தால், அவன் முன்வைக்கும் வாதம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். அஞ்சல்தலை, பழைய நாணயம், இசைத்தட்டு என்னும் வரிசையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து வெப்ளியையோ லூகரையோ சேர்த்துவிட்டால் தந்தையின் எதிர்ப்பு பாதி தணிந்துவிடுகிறது. அந்தச் சொல்லிலேயே ஏமாற்று தொடங்குகிறது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 'தொன்மையான துப்பாக்கி' என்பதற்கு வரையறை உண்டு. 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டதே பொதுவாக அவ்வகையில் அடங்கும். அதன் பின்னர்ச் செய்யப்பட்டு, மூல வடிவம் மாறாமல் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவை 'அரும்பொருள்' என்னும் வேறொரு பிரிவைச் சேர்ந்தவை. 1943-இல் செய்யப்பட்ட கைத்துப்பாக்கி சட்டத்தின் பார்வையில் முழுமையான துப்பாக்கியே. கலிபோர்னியாவில் அதனை ஒரு கடையில் வாங்குவதற்கு 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். முப்பது வினாக்கள் கொண்ட எழுத்துத் தேர்வில் இருபத்துமூன்றுக்கேனும் சரியான விடை எழுதிச் சான்றிதழ் பெறவேண்டும். பின்னணிச் சரிபார்ப்பும் பத்து நாள் காத்திருப்பும் உண்டு. 2024 சூலை முதல் மாநிலம் விதித்த 11 விழுக்காட்டு வரியும் சேரும். எவருடைய அருங்காட்சியகத்திலும் நாணயம் வாங்க இத்தனை படிகள் இல்லை.

இதில் மற்றொரு முரண் உள்ளது. 2001 முதல் கலிபோர்னியக் கடைகளில் விற்கப்படும் புதிய கைத்துப்பாக்கி வகைகள், கீழே விழுந்தால் தானே வெடிக்கின்றனவா என்பது உள்ளிட்ட சோதனைகளில் தேறி மாநிலப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அரும்பொருள் பிரிவில் வருவனவற்றுக்கு அப்பட்டியலிலிருந்து விலக்கு. அதாவது, எண்பது ஆண்டுத் தேய்மானம் கண்ட கருவிக்குச் சோதனை இல்லை. நேற்றுச் செய்யப்பட்டதற்கு உண்டு. சேகரிப்போருக்குச் செய்த இந்தச் சலுகையைப் பாதுகாப்புச் சான்றாகப் படித்துக்கொள்வது பேதைமை.

பொறியியல் படித்த தந்தையர்க்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. பிரித்தானியப் படையும் இந்தியப் படையின் அதிகாரிகளும் பயன்படுத்திய வெப்ளி ஆறாம் வகை ரிவால்வர் .455 தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. போருக்குப் பின் அமெரிக்காவிற்கு வந்தவற்றுள் பல, இங்கு எளிதிற் கிடைக்கும் .45 ஏ.சி.பி. தோட்டாவை ஏற்கும்படி உருளையின் பின்புறம் சீவப்பட்டவை. தோட்டா பொருந்துகிறது, அழுத்தம் பொருந்துவதில்லை. புதிய தோட்டாவின் முழு அழுத்தம், அந்த உருளை தாங்குவதற்காகத் திட்டமிடப்பட்ட அளவை மிஞ்சியது. கடைக்காரர் காட்டும்போது பளபளக்கும் அந்த இரும்பு, சுடுபவரின் கையிலேயே வெடித்துப் பிளக்கக்கூடும். போர்க்காலத்தில் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களுள் சிலவும் இவ்வாறே பின்னர் வேறு தோட்டாவுக்காகத் துளையிடப்பட்டவை. குழலில் பொறித்த எழுத்தை மட்டும் நம்பித் தோட்டா வாங்குபவன் அளவி இல்லாமல் கடைசல் வேலை செய்பவனுக்கு ஒப்பாவான்.

சோவியத் டோக்கரெவ் முதலில் கைப்பூட்டு இன்றியே செய்யப்பட்டது. அமெரிக்க இறக்குமதிக்காகப் பின்னர் பொருத்தப்பட்டது. அக்காலப் படைத் துப்பாக்கிகள் பலவற்றில், மேகசினைக் கழற்றிய பின்னும் அறையில் தங்கிய ஒரு தோட்டா விசையை அழுத்தினால் வெடிக்கும். "மேகசினை எடுத்துவிட்டேன், இனி அஞ்ச வேண்டாம்" என்பது மிகவும் பழைய, மிகவும் கொடிய நம்பிக்கை. பழைய இராணுவத் தோட்டாக்களின் தீமூட்டும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலில் உப்பாகப் படிகிறது. எண்ணெயில் உப்பு கரையாது; நீரில்தான் கரையும். எண்ணெய் மட்டும் தடவி வைத்தவரின் அருமைச் சேகரிப்பு சில நாட்களிலேயே துருவேறிக் கிடக்கும். (இதையெல்லாம் ஆழ்ந்து கற்போர் உண்டு. தொடர் எண், ஆய்வு முத்திரை, தொழிற்சாலைக் குறி ஆகியவற்றிலிருந்து ஒரு கருவியின் பயணத்தையே படித்துக் காட்டும் அவர்களது அறிவு மதிக்கத்தக்கது. இங்கே பேசப்படுவது அவர்களைப் பற்றியன்று.)

அடுத்து வருவது வீரவரலாற்று வாதம். 1911 சூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டது கைத்துப்பாக்கியால். இந்தியருக்கு உரிமமின்றி ஆயுதம் கூடாது என்றும் ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு என்றும் ஏற்பாடு செய்த 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் அது. ஆகவே துப்பாக்கி வைத்திருப்பதே அடிமைத்தனத்தை உதறிய மனிதனின் அடையாளம் என்று சில இளையோர் பேசுகின்றனர். நன்று, அப்படியானால் வரலாற்றை முழுமையாகவே படிக்கட்டும். 1948 சனவரி 30 அன்று காந்தியடிகளின் உயிரைப் பறித்ததும் ஒரு படைத்துப்பாக்கிதான். இத்தாலியப் படைக்காகச் செய்யப்பட்ட 1934 வகை பெரெட்டா. தொடர் எண் 606824. குவாலியரில் கைமாறிப் பெறப்பட்டது. அதே வகை இன்று அமெரிக்கச் சேகரிப்போர் சந்தையில் சாதாரணமாக விலைபோகிறது. வாஞ்சியின் பெயரைச் சொல்லி வாங்குபவர் இந்தப் பெயரையும் சொல்லித்தான் வாங்கவேண்டும்.

இனி வீட்டைப் பார்ப்போம். சான்டா கிளாராவுக்கு அருகிலேயே உள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 இலட்சத்திற்கும் மேற்பட்டோரை 2004 முதல் 2016 வரை பின்தொடர்ந்த ஆய்வு அது. கைத்துப்பாக்கி இல்லாத ஆடவரோடு ஒப்பிடுகையில், அதனை உடைய ஆடவர் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம் ஏறத்தாழ 8 மடங்கு. பெண்டிரிடையே அது 35 மடங்கு. முதல் துப்பாக்கி கைக்கு வந்த உடனடிக் காலத்தில் அந்த விகிதம் உச்சத்தில் இருந்தது. வேலை போய்விட்டதையும் மதிப்பெண் குறைந்ததையும் வெளியே சொல்லாமல் விழுங்கும் பழக்கமுள்ள ஒரு சமூகம் இந்த எண்களைக் கண்டு ஒருகணம் நிற்கவேண்டும். 988 என்னும் எண்ணை இரவிலும் பகலிலும் அழைக்கலாம் என்பதும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்கவேண்டும்.

சான்டா கிளாரா இதை ஏட்டில் மட்டும் அறிந்த ஊரன்று. 2009 மார்ச் 29 அன்று ரிவர்மார்க் குடியிருப்பில் இந்தியாவிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர், குழந்தைகள் உட்படத் தன் குடும்பத்தார் ஐவரைச் சுட்டுக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டார். அவர் வைத்திருந்த .45 கைத்துப்பாக்கிகள் சட்டப்படி வாங்கப்பட்டவை. அவை பழம்பொருள்கள் அல்லதான். ஆயினும் அவர் வாங்கிய வழியும், "நம்மவர் வீடுகளில் அப்படியெல்லாம் நடக்காது" என்று அன்றுவரை நம்பிய அக்கம்பக்கமும் இன்றும் இருக்கின்றன.

எல்லாவற்றினும் மேலாக, தமிழ்ப் பெற்றோர் பலர் அறியாத சட்டம் ஒன்றுண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தோர் துப்பாக்கியையோ தோட்டாவையோ உடைமையாக வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். 2022 முதல் அதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உள்ளன; அவற்றை நம்பி இறங்குவோர் முதலில் வழக்கறிஞரைக் காணட்டும். வாங்கினால்தான் குற்றம் என்பதில்லை. சுடுகளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையிலெடுப்பதும் உடைமையே. ஃபுளோரிடாவில் மாணவ விசாவில் வந்து, படிப்பிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் செய்தது சுடுகளத்திற்குச் சென்று சுட்டதுதான். அவருக்கு 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. ரெஹைஃப் வழக்கு எனப்படும் அதில், தம் குடிவரவு நிலையை அவர் அறிந்திருந்தார் என்பதை அரசு மெய்ப்பிக்கவேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறித் தண்டனைத் தீர்ப்பை நீக்கியது. எச்-1பி ஊழியருக்கு அதனால் என்ன பயன்? தம் விசாவின் பெயரும் காலாவதி நாளும் உறக்கத்திலும் நினைவில் இருப்பவர் அல்லவா அவர்? பச்சை அட்டை பெற்றவர் துப்பாக்கி வாங்கலாம். ஆனால் துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால் அவரையும் நாடு கடத்த இடமுண்டு. பயிற்சி முடிந்து வரும்போது பயணப்பையின் ஓரத்தில் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டாவுடன் சென்னை விமான நிலையத்தில் இறங்குவோருக்கு இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காத்திருக்கிறது.

இந்தியாவிற் பிறந்தோர்க்கான பச்சை அட்டை வரிசை பல்லாண்டு நீள்வதை இவ்வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. அதன் விளைவாக ஒரே கூரையின்கீழ், இங்கே பிறந்து குடியுரிமை பெற்ற மகனும் இன்னும் எச்-1பி விசாவில் உள்ள தந்தையும் வாழும் வீடுகள் உள்ளன. மகன் 21 வயதில் சட்டப்படி ஒரு வெப்ளியை வாங்குகிறான். குற்றம் ஏதுமில்லை. ஆனால் கையில் பிடித்திருப்பது மட்டுமே உடைமை என்று நீதிமன்றங்கள் கருதுவதில்லை. எடுத்தாளும் ஆற்றலும் எண்ணமும் இருந்தாலே போதும். மகன் விடுமுறைக்குச் செல்லும்போது "அப்பா, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சாவியைக் கொடுத்தால், தந்தையின் இருபதாண்டு உழைப்பும் விண்ணப்பமும் அந்தச் சாவியோடு சேர்ந்தே கைமாறுகின்றன. 2026 சனவரி 1 முதல் கலிபோர்னியாவில், பயன்பாட்டில் இல்லாத துப்பாக்கியை வீட்டில் பூட்டிய பெட்டியில் வைப்பது கட்டாயமாகியுள்ளது. அத்தகைய வீட்டில் அந்தப் பெட்டியின் எண் மகனுக்கு மட்டுமே தெரிந்திருக்கவேண்டும், தந்தைக்குத் தெரியலாகாது. பிள்ளையின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தே பழகிய தமிழ்த் தந்தையிடம் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு, கடைக்குச் செல்வதற்கு முன்பே அந்த மகனுடையது.