அம்மாவா, அப்பாவா?

பாம்பனில் ஒரு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி எட்டு மணி. டி.வி.யில் சீரியல். அதில் கோர்ட் சீன்.

ஆறு வயதுக் குழந்தையைக் கூண்டில் ஏற்றி நிறுத்தி, ‘‘அம்மாகிட்டப் போறியா, அப்பாகிட்டப் போறியா?’’ என்று கேட்கிறார் நீதிபதி. கேமரா அம்மா முகத்துக்கு மூன்று முறை பாய்கிறது. அப்பா முகத்துக்கு மூன்று முறை. இடி இடிக்கிறது. (கோர்ட்டுக்குள் எப்படி இடி என்று கேட்காதீர்கள்.) அம்மா வேலைக்குப் போகிறவள், வீட்டுக்கு லேட்டாக வருகிறவள். ஆகவே குழந்தை அப்பாவுக்கு. தொடரும்.

அந்த வீட்டுப் பெண் பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் முங்கி, பாறையில் இருக்கும் கடல்பாசியைப் பறிக்கிற வேலை. அவர் போகும்போது பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பார் என்பது தெருவுக்கே தெரியும்.

டி.வி.யைக் காட்டிச் சொன்னார்: ‘‘பாத்தியளாண்ணே... கோர்ட்டுக்குப் போனா வருமானம் இல்லன்டு புள்ளையப் புடுங்கிக்கிருவாய்ங்க. அதேன் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்.’’

எனக்குச் சுரீரென்றது. அவர் படித்த சட்டக் கல்லூரி அந்த டி.வி. பெட்டிதான். அதில் பாடம் நடத்துகிறவர்களுக்குச் சட்டம் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. சீரியல்தானே சார், பொழுதுபோக்குதானே என்பார்கள். ஒரு பெண் அடியை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே கிடப்பதற்கு அது காரணமாகிவிட்ட பிறகு, அது என்ன பொழுதுபோக்கு?

நிஜம் என்ன? இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டம் 1956-ல் வந்தது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதென்றால், முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் நலன். அப்பாவுக்குச் சம்பளம் அதிகம் என்பது மட்டுமே காரணமாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. பிள்ளை அம்மாவிடம் வளர்ந்தாலும் அதன் செலவுக்கு அப்பா பணம் கட்டியாக வேண்டும். எந்த மதத்துக்காரராக இருந்தாலும், வெள்ளைக்காரன் காலத்து 1890-ம் வருடச் சட்டப்படி கேஸ் போடலாம். அதுவும் பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ, அந்த ஊருக்கான கோர்ட்டில்.

குழந்தையின் விருப்பத்தைக் கேட்பது உண்டு. விவரம் தெரிந்த வயதாக இருந்தால், நீதிபதி தன் அறையில் வைத்துப் பேசுவார். ஊரைக் கூட்டி, கூண்டில் ஏற்றி அல்ல. குடும்ப நீதிமன்றமாக இருந்தால், இரண்டு பேரில் ஒருவர் கேட்டாலே போதும், வெளியாட்கள் இல்லாமல்தான் விசாரிக்க வேண்டும். தீர்ப்பும் ஒரே அடியில் முடிந்துபோகிற சமாசாரம் இல்லை. நிலைமை மாறினால் மறுபடி போய்க் கேட்கலாம். யாரிடம் பிள்ளை இல்லையோ, அவர் வந்து பார்க்கவும் வழி செய்வார்கள். சீரியலில் இதெல்லாம் வந்தால் இடி இடிக்க வாய்ப்பில்லையே!

சட்டம் ரொம்ப யோக்கியம் என்று நான் சர்டிபிகேட் தரவில்லை. அதே 1956 சட்டம், இயற்கையான கார்டியன் அப்பா, ‘அவருக்குப் பின்’ அம்மா என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் தன் மைனர் மகன் பெயரில் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். ‘பின்’ என்றால் அப்பா செத்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் குறிக்கும் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. பெற்றவளின் கையெழுத்து செல்லுமா என்று தெரிந்துகொள்ள பதினைந்து வருஷம்! எடுங்களேன் அதை ஒரு சீரியலாக.

கேஸ் இழுக்கும், அலைய விடுவார்கள், வாய்தா மேல் வாய்தா. இதையும் ஒப்புக்கொள்கிறேன். அலைச்சலுக்குப் பயப்படுவது வேறு, பிள்ளை போய்விடும் என்று பயப்படுவது வேறு.

இதே ராமேஸ்வரம் கரையை வைத்து மணிரத்னம் 2002-ல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ எடுத்தார். அகதியாக வந்து, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு, போருக்குத் திரும்பிய அம்மாவின் கதை அது. சீரியல்காரர்கள் கையில் கிடைத்திருந்தால் அவளை நூறு எபிசோடு திட்டியிருப்பார்கள். அந்தப் படம் அவளைக் கூண்டில் ஏற்றவில்லை. அதற்காகக் கண்ணீர் குறைந்தா போயிற்று?

சீரியல் புள்ளிகளே, கோர்ட் சீனை நிறுத்தச் சொல்லவில்லை. சிகரெட் பிடிக்கிற காட்சி வந்தால் கீழே எச்சரிக்கை ஓட்டுகிறீர்கள் அல்லவா? பிள்ளையைப் பிடுங்குகிற காட்சி வந்தாலும் ஒரு வரி ஓட்டுங்கள். ‘வருமானம் எவ்வளவு இருந்தாலும், எந்தப் பெண்ணுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. போன்: 15100.’ 1987-ம் வருடச் சட்டம் கொடுத்த உரிமை இது.

அந்த நம்பரைப் பாம்பன் வீட்டில் காலண்டர் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். ‘‘காசு கேப்பாகளாண்ணே?’’ என்றார் அந்தப் பெண். கேட்க மாட்டார்கள் என்றேன். நம்பாமல், அந்த வரியை இன்னொரு தடவை சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னார்.