பட்டாளம் நமக்கு எதற்கு?

கடந்த தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த உறவினர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "படிப்பு முடியப் போகுது. அடுத்து என்னம்மா?" இரண்டு வருடங்களாக மனத்துக்குள் வைத்திருந்த பதிலை அன்றுதான் முதன்முறையாகப் பெரியவர்கள் முன் வாய்விட்டுச் சொன்னேன். "தரைப்படையில அதிகாரியாச் சேர விண்ணப்பம் போடப் போறேன்."

முறுக்குத் தட்டை நோக்கி நீண்ட மாமாவின் கை அப்படியே நின்றது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கடைசியில் பெரியம்மாதான் வாயைத் திறந்தார். "பட்டாளம் நமக்கு எதுக்கு?"

அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரியம்மாவின் கேள்வியில் "எதுக்கு" என்ற சொல்லைவிட "நமக்கு" என்ற சொல்தான் என்னைத் தைத்தது. உனக்கு எதற்கு என்று கேட்டிருந்தால், ஓட்டம் பிடிக்கும், பொறுப்பு பிடிக்கும் என்று ஏதாவது சொல்லியிருப்பேன். நம் வீடுகளில் ஒரு பட்டியல் உண்டு. மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர், அதெல்லாம் முடியாவிட்டால் ஆசிரியர். இந்தப் பட்டியலில் இராணுவ அதிகாரி என்பது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று பெரியம்மா நம்புகிறார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன்.

வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1943-ஆம் ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, அதில் திரண்டவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணில் வாழ்ந்த இந்தியப் பெண்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெண்கள் முகாமில் துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் பிறந்த ஜானகி, பதினெட்டு வயதில் அப்படையில் சேர்ந்து அதன் துணைத் தளபதி நிலைக்கு உயர்ந்தார். பின்னாளில் மேலவை உறுப்பினரான ஜானகி ஆதி நாகப்பன் அவர்தான். இன்று பெண் பிள்ளை பட்டாளத்துக்குப் போவதா என்று கேட்கும் நாம், எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே போய்விட்டு வந்தவர்களின் பேத்திகள்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் இந்தக் கதை முடிந்துவிடவில்லை. 1967-இல் அரச மலேசியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான நடவடிக்கையில் உயிர்நீத்த கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதனுக்கு நாட்டின் மிக உயரிய வீர விருதான செரி பாலாவான் காகா பெர்காசா வழங்கப்பட்டது. இப்பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியிலும் ஐந்தாண்டு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த நான், பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

இத்தனைக்கும் நான் வளர்ந்த தோட்டத்திலேயே ஒரு பட்டாளத்துத் தாத்தா இருந்தார். கம்யூனிஸ்டுகளின் இரண்டாம் ஆயுதப் போராட்டம் 1968-இல் தொடங்கி, 1989 டிசம்பரில் ஹட்ஞாய் அமைதி ஒப்பந்தத்தோடு ஓய்ந்தது. அந்தக் காலத்தில் காட்டுக்குள் ரோந்து போனவர் அவர். அதிகாரியாக இல்லை, சாதாரணச் சிப்பாயாக. ஆண்டுதோறும் ஜூலை 31, வீரர் தினத்தன்று, தகரப் பெட்டியிலிருந்து பதக்கங்களை எடுத்துத் துடைத்து வைப்பார். சிறுவர்களான எங்களுக்கு அது வேடிக்கை. அவருடைய பிள்ளைகள் யாரும் பட்டாளத்துக்குப் போகவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை.

இன்று ஆயுதப்படையில் இந்தியர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பது அனைவரும் அறிந்ததே. ஏன் குறைவு என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். வெளியிலிருந்து வருவது, "இவர்களுக்குத் தேசப்பற்று போதாது" என்ற பதில். நமக்குள்ளேயே சொல்லிக்கொள்வது, "நம்மவர்களை அவர்கள் எடுக்க மாட்டார்கள்" என்ற பதில். முதல் பதிலுக்கு மேலே சொன்ன பெயர்களே போதும். இரண்டாவது பதிலைத்தான் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தரைப்படைத் தளபதி பதவியில் இதுவரை ஓர் இந்தியர் அமர்ந்ததில்லை. என் அண்ணன் முறை உறவினர் ஒருவர் எஸ்.பி.எம். முடித்த கையோடு ஒரு சீருடைப் பணிக்கு இருமுறை விண்ணப்பித்தார். ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லக்கூட யாரும் இல்லை. இப்போது லோரி ஓட்டுகிறார். அவரிடம் போய்த் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு நிகழ்த்த எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 136-ஆவது விதி, அரசாங்கச் சேவையில் ஒரே தரத்தில் இருக்கும் எவரையும் இன வேறுபாடின்றி நடுநிலையாக நடத்த வேண்டும் என்கிறது. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்பதற்கு முதலில் நம்மிடம் எண்ணிக்கை வேண்டும். எத்தனை பேர் விண்ணப்பித்தோம், எத்தனை பேர் தகுதி இருந்தும் மறுக்கப்பட்டோம் என்று கேட்க வேண்டும். என் இடைநிலைப்பள்ளியில் என்னோடு எஸ்.பி.எம். எழுதிய இந்திய மாணவர்களில் ஒருவர்கூட இராணுவ அதிகாரி பயிற்சிக்கு விண்ணப்பித்ததாக நான் கேள்விப்படவில்லை. விண்ணப்பமே இல்லாத இடத்தில் மறுப்பை எப்படி நிரூபிப்பது?

விண்ணப்பிக்காததற்கு முதற்காரணம் தயக்கம்கூட இல்லை, வழி தெரியாமைதான். "தரைப்படைன்னா அஸ்கார் மெலாயுதானே?" என்று மாமா கேட்டார். 1933-இல் போர்ட்டிக்சனில் தொடங்கப்பட்ட அரச மலாய்ப் படைப்பிரிவு மலாய்க்காரர்களுக்கு மட்டும் உரியது என்பது உண்மை. தரைப்படை அந்த ஒரு பிரிவோடு முடிந்துவிடுவதில்லை. பல இனத்தவரும் பணியாற்றும் ரேஞ்சர் படை இருக்கிறது. பொறியியல், சமிக்ஞை, மருத்துவம், தளவாடம் என்று எத்தனையோ பிரிவுகள் இருக்கின்றன.

அதிகாரியாவதற்கு முக்கியமாக மூன்று வாசல்கள் உண்டு. முதல் வாசல், நான்காம் படிவத்தில் சேரும் மாணவர்களுக்கான அரச இராணுவக் கல்லூரி. 1952-இல் போர்ட்டிக்சனில் தொடங்கி, 1961-இல் சுங்கை பெசிக்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. இரண்டாவது வாசல், எஸ்.பி.எம்.முக்குப் பிறகு மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம். 1995-இல் இராணுவக் கழகமாகத் தொடங்கி, 2006-இல் பல்கலைக்கழகமாகத் தரம் உயர்த்தப்பட்ட அதுவும் சுங்கை பெசி முகாமில்தான் இருக்கிறது. அங்கே பட்டப்படிப்பும் இராணுவப் பயிற்சியும் ஒன்றாகவே நடக்கும். பயிற்சி அதிகாரிகளுக்கு உதவித்தொகையும் உண்டு. மூன்றாவது வாசல், பட்டம் பெற்ற பிறகு பட்டதாரிப் பயிற்சி அதிகாரியாகச் சேர்வது.

இதில் வருத்தமான விஷயம், நம்மில் பலருக்கு இதைப் பற்றிய நினைப்பு வருவதற்குள் முதல் இரண்டு வாசல்களும் சாத்தப்பட்டுவிடுகின்றன. பதினைந்து வயதில் என்னிடம் யாரும் சொல்லவில்லை. பதினேழு வயதில் மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா என்று மட்டும்தான் கேட்டார்கள். மூன்றாவது வாசலாவது என் கண்ணில் பட்டது, முதலாண்டில் பாலாப்பெஸ்ஸில் சேர்ந்ததால்தான்.

பாலாப்பெஸ் என்பது அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு நடக்கும் பின்படை அதிகாரிப் பயிற்சி. தோழிகள் நடனமும் பூப்பந்தும் பதிந்துகொண்டிருந்தபோது, நான் ஏதோ ஒரு வீம்பில் அந்த வரிசையில் போய் நின்றேன். உயரம், எடை, கண்பார்வை பார்த்தார்கள். 2.4 கிலோமீட்டர் ஓடச் சொன்னார்கள். ஓடி முடித்து வாந்தி எடுத்தேன். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் அணியில் இந்தியர் மூவர்; பெண் நான் ஒருத்திதான்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு மலாய்மொழிமீது ஓர் அச்சம் இருக்கும். முதலாம் படிவத்தில் நான் வாய் திறந்தபோது வகுப்பே சிரித்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பாலாப்பெஸ்ஸில் முதன்முறையாக அணிக்குக் கட்டளையிடும் முறை வந்தபோது அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. "கெ கானான்" என்று சொல்ல வேண்டியவள் "கெ கிரி" என்று கத்திவிட்டேன். முப்பது பேரும் கட்டொழுங்கோடு கால்வாய்ப் பக்கம் திரும்பினார்கள். பயிற்றுநர் சிரிக்கவில்லை. தப்பான கட்டளைதான், ஆனால் குரல் நன்றாக இருக்கிறது, இன்னொரு முறை சொல் என்றார். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? ஐந்தாம் ஆண்டில் வட்டாரப் பேச்சுப் போட்டிக்காக எங்கள் தமிழாசிரியை என்னைத் திடலின் மறுகோடியில் நிறுத்தி, "வயிற்றிலிருந்து பேசு, எனக்குக் கேட்க வேண்டும்" என்று பழக்கிய குரல் அது. தமிழ்ப்பள்ளி எனக்கு ஒரு குறை என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அப்படி நினைப்பதில்லை.

பாலாப்பெஸ்ஸில் தேறினால் கிடைக்கும் பதவியின் பெயர் லெஃப்டினன் மூடா. இதைக் கேட்டுத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "மூணு வருசம் ஓடி ஓடிக் கடைசியில மூடான்னா பட்டம் குடுக்கறாங்க?" அது பின்படைப் பதவிதான். முழுநேர இராணுவத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, உடற்தகுதித் தேர்வு, நேர்முகத் தேர்வு எல்லாவற்றையும் கடக்க வேண்டும். அதற்குத்தான் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் அச்சங்கள் வேறு வகையானவை. "மாட்டுக்கறி போட்டா என்ன பண்ணுவ?" என்பது முதல் கேள்வி. முகாமில் அப்படிப்பட்ட நாளில் முட்டையோ மீனோ கேட்டு வாங்கிக்கொள்வேன். காட்டுப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த ரான்சம் பொட்டலத்தில் மாட்டிறைச்சி இருந்தபோது, பக்கத்தில் படுத்திருந்த கிளந்தான் தோழி கேட்காமலேயே தன் கோழிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். "சபா, சரவாக்குன்னு மாத்திடுவாங்களே, யாரு கட்டிக்குவா?" என்பது இரண்டாவது கேள்வி. ஆசிரியர்களையும்தான் அங்கே அனுப்புகிறார்கள். அவர்களுக்குத் திருமணம் நடக்காமலா போயிற்று?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் என்னிடம் எளிய பதில் இல்லை. 2017-இல் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சி மாணவர் சக மாணவர்களின் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்தார். அம்மா அந்தச் செய்தியை மறக்கவில்லை. "அவங்க பிள்ளைக்கே அந்த நிலைமைன்னா, நீ எம்மாத்திரம்?" என்றார். இதற்கு, அதெல்லாம் இனி நடக்காது என்று நான் பொய் சொல்லக்கூடாது. கட்டொழுங்கும் கொடுமையும் ஒன்றல்ல என்று தெரிந்த அதிகாரிகள் உள்ளே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம். நல்லவர்கள் எல்லாரும் அஞ்சி ஒதுங்கிக்கொண்டால், அந்த இடம் யார் கைக்குப் போகும்?

நம் பேச்சுப் போட்டி மேடைகளில் புறநானூற்றுத் தாய் அடிக்கடி வருவார். தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பிறகும் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பியவள் என்று ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயைச் சொல்லி நானே பரிசு வாங்கியிருக்கிறேன். அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர் என் அம்மா. அதே அம்மா இன்று வேண்டாம் என்கிறார். இதை முரண்பாடு என்று நான் கேலி செய்யவில்லை. மேடையில் பேசுவது வேறு, பெற்ற வயிறு வேறு. ஆனால் வீரத்தை மேடையோடு நிறுத்திக்கொண்ட சமுதாயம், நாட்டைக் காக்கும் இடத்தில் நமக்கு ஏன் பங்கில்லை என்று கேட்கும்போது குரல் சற்றுத் தாழ்ந்துதான் ஒலிக்கும்.

இராணுவம் என்றால் போர் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1960-இல் காங்கோவில் தொடங்கி, சோமாலியா, போஸ்னியா, 2007 முதல் லெபனான் என்று ஐ.நா. அமைதிப் பணிகளில் நம் நாட்டுப் படையினர் பணியாற்றியிருக்கிறார்கள். 2014 இறுதியில் கிழக்குக்கரை வெள்ளத்தில் மூழ்கியபோது படகோடு போனவர்களில் அவர்களும் உண்டு. என் வயதொத்த இளம் அதிகாரியின் கையில் ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூனின் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. இருபத்து மூன்று வயதில் இவ்வளவு பொறுப்பைத் தரும் வேலை வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

முன்னாள் மாணவர்களான அண்ணன்மார்களையும் அக்காமார்களையும், என் சக மாணவர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். நம் பேரவை நடத்தும் வழிகாட்டிப் பட்டறைகளில் மருத்துவம், சட்டம் என்று சொல்லும்போது இந்த மூன்று வாசல்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாம் படிவ மாணவனிடமும் மாணவியிடமும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சொன்னால் ஒரு வாசல் குறைந்துவிடும். எல்லாரும் பட்டாளத்துக்குப் போக வேண்டியதில்லை. விருப்பமும் உடற்தகுதியும் உள்ள ஒரு பிள்ளை, தெரியாமல் போனதால் மட்டும் போகாமல் இருக்கக்கூடாது.

எனக்குக் கிடைக்காமலும் போகலாம். கண்பார்வையிலோ நேர்முகத் தேர்விலோ நான் விழுந்துவிடலாம். அப்படி நேர்ந்தால் அடுத்த தீபாவளிக்கு அதையும் மறைக்காமல் சொல்வேன். விண்ணப்பப் பாரத்தை நிரப்பி முடித்துவிட்டேன். போன வாரம் அம்மா தொலைபேசியில் அழைத்து, தினமும் காலையில் ஓடுகிறாயா என்று கேட்டார். ஓடுகிறேன் என்றேன். "சாப்பிட்டுட்டு ஓடாத" என்றார். இப்போதைக்கு எனக்கு அந்தச் சம்மதம் போதும்.