கோட்டை அருங்காட்சியகத்தில் நகரம் எங்கே?

கோரிக்கை மனுவோடு தலைமைச் செயலகத்துக்கு வருகிறவர்கள் கடந்துபோகும் வளாகத்திலேயே இருக்கிறது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். சென்னை எப்படி உருவானது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான கட்டிடம் இல்லை. 1795இல் கட்டி முடிக்கப்பட்ட இது, வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய இடம். நகரின் முதல் கலங்கரை விளக்கம் 1796இல் இதன் மாடியில்தான் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. 1948 ஜனவரியில் அருங்காட்சியகமானது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

உள்ளே வாள்கள், துப்பாக்கிகள், பதக்கங்கள், நாணயங்கள், பீங்கான்கள், ஆட்சியாளர்களின் ஓவியங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி இங்கே காக்கப்படுவது பெருமைக்குரியது. ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸுக்குத் தாமஸ் பேங்ஸ் செதுக்கிய பளிங்குச் சிலையும் இருக்கிறது. அதன் பீடத்தில், 1792இல் திப்பு சுல்தானின் மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி. வென்றவர் தன் வெற்றியைச் சொல்லிக்கொண்ட விதம் அது. தோற்றவர் தரப்பையும் பக்கத்திலேயே சொன்னால்தான் அது வரலாறு.

வெள்ளையர் விட்டுச்சென்றவற்றைச் சிதறாமல் சேர்ப்பது 1948இல் அவசரத் தேவை. அந்தப் பணி நன்றாகவே நடந்தது. ஆனால், சேர்த்த பொருள்கள் ஆண்டவர்களுடையவை என்பதால், அவை சொல்லும் கதையும் அவர்களுடையதாகவே நிற்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரைக்கு வந்ததே பருத்தித் துணிக்காகத்தான். 1639இல் இடம் பெற்றுக் கோட்டை கட்டியதும், 1730களில் நெசவாளர்களைக் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியதும் அந்த வணிகத்துக்காகவே. நெய்தவர்கள், துணி வெளுத்தவர்கள், கம்பெனிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் இடையில் பேசிய துபாஷிகள், அலைகளைத் தாண்டிச் சரக்கேற்றிய மசூலாப் படகுக்காரர்கள் ஆகியோரின் உழைப்பில் எழுந்த ஊர் இது. அவர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தை 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் இடிக்கத் தொடங்கினார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர், பீரங்கிக்கு மறைப்பில்லாத வெளி வேண்டுமென்று மிச்சத்தையும் இடித்தார்கள். சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பூக்கடைப் பகுதியில் இன்றிருப்பது பிறகு கட்டியது. பழைய கோயில் நின்ற பகுதியில் உயர் நீதிமன்ற வளாகம் இருக்கிறது.

இவ்வளவும் அருங்காட்சியகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள் நடந்தவை. இவற்றைச் சொல்லப் புதிய கட்டிடம் தேவையில்லை. இடிபட்ட தெருக்களைக் காட்டும் பெரிய வரைபடம், துணி வணிகத்துக்கும் படகுக்காரர்களுக்கும் தனிக்கூடம், கட்டிடத்தின் சொந்தக் கதை, நிதானமான தமிழில் விளக்கப் பலகைகள் போதும். நெசவாளர், மீனவர் குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் கருவிகளையும் ஆவணங்களையும் அவர்களின் சம்மதத்தோடு பெறலாம்.

கட்டிடம் மத்திய அரசின் துறையிடம். சுற்றியிருக்கும் செயலகமும் சட்டமன்றமும் மாநில அரசிடம். இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இங்கே வர ஏற்பாடு வேண்டும். தங்கள் முன்னோர் கட்டிய நகரம் இது என்பதை அவர்கள் இந்தக் கூடத்திலேயே அறிந்துகொள்ளட்டும்.