கணுக்கால் தேய்மானம்: ஊசி முகாம் குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

சென்ற பொதுக்குழுவில் நடந்ததை உறுப்பினர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. சலுகை விலையில் ஊசி போடும் முகாமுக்குச் சங்கத்தின் பெயரைக் கேட்டு ஒரு தனியார் கிளினிக் எழுதிய கடிதமும், அதையொட்டி எழுந்த வாக்குவாதமும், கூட்டம் பாதியில் கலைந்ததும் எல்லோருக்கும் தெரியும். அதன்பின் கூடிய செயற்குழு எடுத்த முடிவு இது: அந்த முகாமுக்குச் சங்கம் தன் பெயரையும் தராது, உறுப்பினர் பட்டியலையும் தராது.

எந்த மருத்துவரையும் குறைகூறுவது சங்கத்தின் நோக்கமல்ல. புதிய சிகிச்சையைத் தேடுவதையும் சங்கம் எதிர்க்கவில்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் குளியலறை போய்ச் சேர்வதற்குள் கதவையும் சுவரையும் மாறி மாறிப் பிடிக்கிறவர்கள்தான் இங்கே உறுப்பினர்கள். அவர்கள் தேடத்தான் செய்வார்கள். அந்தத் தேடலை யார், என்ன சொல்லிக் காசாக்குகிறார்கள் என்பதே கேள்வி.

முகாமின் துண்டறிக்கையைச் செயற்குழு வரிவரியாகப் படித்தது. அதில் இருக்கும் படம் முழங்கால். மேற்கோள் காட்டும் ஆய்வுகள் முழங்காலைப் பற்றியவை. குணமானதாகப் பேசும் பெரியவரும் முழங்கால் நோயாளி. ஊசி மட்டும் கணுக்காலுக்கு!

முழங்கால் பெரும்பாலும் வயதில் தேய்கிறது. கணுக்கால் அப்படித் தேய்வது குறைவு. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு அது பழைய அடியின் பின்விளைவு. சர்தார் படேல் சாலையில் பைக்கோடு விழுந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து ஆறிய கால், பல வருடம் கழித்து மாலை வேளைகளில் வீங்கத் தொடங்கும். அதனால்தான் முழங்கால் நோயாளிகளைவிட இவர்கள் வயதில் இளையவர்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள். இந்த மூட்டின் குருத்தெலும்பு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்கு அடியிலுள்ள தாலஸ் எலும்பு வெளிப்பக்கமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் 1976-லேயே அளந்து காட்டினார்கள். மிச்சமுள்ள பரப்பு உடம்பின் பாரம் முழுவதையும் தாங்குகிறது. இப்படி அச்சு விலகிய மூட்டுக்குள் எந்த மருந்தை ஊற்றினால் விலகல் சரியாகும்? துண்டறிக்கையில் இதற்குப் பதில் இல்லை.

நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பிஆர்பி ஊசியைக் கணுக்காலிலேயே சோதித்த ஆய்வும் இருக்கிறது. நெதர்லாந்தில் 100 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பிஆர்பியும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள். 26 வாரம் கழித்து வலியிலும் நடையிலும் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2021 அக்டோபரில் ஜாமா மருத்துவ இதழில் முடிவு வெளியானது. உப்புநீர் போட்டுக்கொண்டவர்களும் ஓரளவு தேறியிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். “எனக்குத் தேவலாம்” என்று பொதுக்குழுவில் சொன்ன உறுப்பினர்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் தேவலாம் மருந்தால் வந்ததுதானா என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

ஸ்டெம் செல் விஷயம் இன்னும் மோசம். இந்தியாவில் 2022-ல் ஒரு ஸ்டெம் செல் மருந்து அனுமதியோடு சந்தைக்கு வந்தது. அது முழங்கால் தேய்மானத்துக்கு. அதைக் காட்டிக் கணுக்காலுக்கு ஊசி விற்பதைச் சங்கம் மென்மையான சொற்களில் விவரிக்க முயன்றது, முடியவில்லை. அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, ஆய்வாக அல்லாமல் ஸ்டெம் செல்லை நோயாளிக்குச் செலுத்துவது நெறிக்குப் புறம்பானது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. ஆய்வில் சேருகிறவரிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. வலியில் இருப்பவனிடம் பணத்தையும் வாங்கிக்கொண்டு அவனையே சோதனைப் பொருளாகவும் ஆக்குவதற்குப் பெயர் சலுகையா?

கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பலன் தெரிந்த வழிகள் இரண்டு உண்டு: மூட்டைப் பூட்டிவிடும் ஃபியூஷன், செயற்கை மூட்டு. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 303 பேரிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு நடந்த டார்வா ஆய்வு 2022-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் நன்றாகத் தேறினார்கள். ஒன்று மற்றதைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. செயற்கை மூட்டில் காயம் ஆறுவதில் சிக்கல் அதிகம்; ஃபியூஷனில் சிலருக்கு எலும்பு ஒட்டாமல் போகிறது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஷூ போட்டு நடக்கும் ஊர்க்காரர்கள். கபாலீசுவரர் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றுகிறவரும், தரையில் குந்தி எழுகிறவரும் பூட்டிய கணுக்காலோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதை இங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் ஆராய வேண்டும். இரண்டில் எதை முதலில் யோசிப்பது என்பதில் செயற்குழு ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அது அவரவர் வயதையும் எக்ஸ்ரேயையும் பொறுத்தது என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறது.

அரசிடம் வைக்கும் கோரிக்கைகள் புதியவை அல்ல. 2017 ஆகஸ்டில் கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டுக்கு ரூ.54,720 என்று உச்சவரம்பு வந்ததுபோலக் கணுக்கால் மூட்டுக்கும் வர வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. கணுக்கால் முறிந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கவும் ஏற்பாடு வேண்டும். புத்தூர் கட்டை நம்பிப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்து எலும்பு நேராக இருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது. (இந்த வரியைக் கடுமையாக்கச் சிலரும் நீக்கச் சிலரும் கோரினார்கள்.) கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது; தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் உறுப்பினர்கள் அந்த இருக்கையை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஊசிக்குப் பணம் கட்டும் முன் உறுப்பினர்கள் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும்: இந்த மருந்துக்குக் கணுக்காலுக்கென்று அனுமதி உண்டா? நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் என் மூட்டின் அச்சு எப்படி இருக்கிறது? இது ஆய்வு என்றால் பதிவு எண் என்ன? ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, ஒப்புதல் படிவம் இரண்டின் நகலையும் செயலாளரிடம் தரலாம். பெயரை வெளியிடாமல் அவற்றைத் தொகுத்து மாநில மருத்துவ கவுன்சிலுக்குப் புகாராக அனுப்பச் செயற்குழு பெரும்பான்மையோடு தீர்மானித்திருக்கிறது. உடன்படாத உறுப்பினர்களின் குறிப்பு இந்த அறிக்கையோடு இணைத்தே சுற்றுக்கு விடப்படும்.