எதிரிக்கு மறைக்கலாம், துறைமுகத்துக்கு மறைக்கக் கூடாது
போர்க்காலத் துறைமுக விதிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

போர் மூண்டால் துறைமுக விதிகள் மாறும். இரவில் வாயில் அடைபடும், விளக்குகள் அணையும், கப்பல்களின் வருகைப் பட்டியல் வெளியே வராது. இவற்றை நாங்கள் எதிர்க்கவில்லை. கப்பலில் இருக்கும் சரக்கைத் துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்தும் பைலட்டுக்கும் சரக்கு இறக்கும் தொழிலாளிக்கும் தீயணைப்பு வீரருக்கும் மறைப்பதைத்தான் எதிர்க்கிறோம். கடலோடிகளும் துறைமுகத் தொழிலாளரும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது: எதிரிக்காகப் போடும் திரை துறைமுகத்துக்குள் வேலை செய்பவர்களின் கண்ணை மறைக்கக் கூடாது. வெடிமருந்துக் கப்பலுக்கு அமைதிக்காலத்தில் விதித்த கட்டுப்பாட்டைப் போரைச் சொல்லித் தளர்த்தவும் கூடாது.

வரலாறு சொல்வது

முதல் உலகப்போருக்கு முன், ஆபத்தான சரக்கேற்றிய கப்பல்களுக்குக் கனடாவின் ஹாலிபாக்ஸ் உள்துறைமுகத்தில் இடமில்லை. ஜெர்மன் நீர்மூழ்கிகளின் அச்சுறுத்தலால் அந்தத் தடை தளர்ந்தது. 1917 டிசம்பர் 5 மாலை பிரெஞ்சுக் கப்பல் மோன் பிளான் வந்து சேர்ந்தபோது நீர்மூழ்கித் தடுப்பு வலை மூடப்பட்டிருந்தது. உள்ளே இருந்த நார்வேக் கப்பல் ஈமோ, நிலக்கரி தாமதமாக வந்ததால் கிளம்ப முடியாமல் தங்கிவிட்டது. மறுநாள் காலை, குறுகிய நீர்வழியில் தன் வலப்பக்கத்தை விட்டு விலகி வந்த ஈமோ, மோன் பிளானோடு மோதியது. மோன் பிளானில் இருந்தவை பிக்ரிக் அமிலம், டிஎன்டி, வெடிபஞ்சு, மேல்தளத்தில் பென்சால் பீப்பாய்கள். எதிரியின் கண்ணில் பட்டுவிடும் என்பதால், வெடிமருந்து இருப்பதைக் குறிக்கும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. எரியும் கப்பலை வேடிக்கை பார்க்க மக்கள் கரையிலும் சன்னல்களிலும் கூடினார்கள். சுமார் 20 நிமிடங்களில் கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள், 9,000 பேர் காயமுற்றார்கள். நீதிமன்றங்கள் முடிவில் இரு கப்பல்கள் மீதும் சமமாகப் பொறுப்பைச் சுமத்தின. அந்தச் சரக்கை ஊருக்கு நடுவே வரவிட்ட விதித் தளர்வுக்கும் அதில் பங்குண்டு என்பது எங்கள் கருத்து.

1943 டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தை ஜெர்மன் விமானங்கள் தாக்கின. அமெரிக்கக் கப்பல் ஜான் ஹார்வியில் கடுகுவாயு குண்டுகள் இருந்தது பரம ரகசியம். தெரிந்திருந்தவர்கள் கப்பலோடு மாண்டார்கள். நச்சு கலந்த எண்ணெயில் நனைந்து வந்தவர்களை, விவரம் தெரியாத மருத்துவர்கள் குளிப்பாட்டாமல், அதே உடையில் போர்வையால் போர்த்தினார்கள். நச்சுக்கு ஆளான 600க்கும் மேற்பட்ட ராணுவத்தினரிலும் மாலுமிகளிலும் 83 பேர் இறந்தார்கள்.

பம்பாய் விபத்து நம் நாட்டிலேயே நடந்தது. ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றினார்கள். 1944 ஏப்ரல் 12 அன்று நகரை ஒட்டிய விக்டோரியா கப்பல்துறைக்குள் அது வந்தது. சிவப்புக் கொடி பறக்கவில்லை. 14ஆம் தேதி பிற்பகல் 2 மணியளவில் புகை தெரிந்தது. வெடித்தது 4 மணி 6 நிமிடத்துக்கு. கப்பலை வெளியே இழுப்பதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று முடிவெடுக்காமலேயே அந்த இரண்டு மணி நேரம் கழிந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 தேசிய தீயணைப்புப் படை நாளாக அனுசரிக்கப்படுகிறது.

மறுப்பும் எங்கள் பதிலும்

விவரம் பலருக்குத் தெரிந்தால் எதிரிக்கும் எட்டிவிடும் என்பார்கள். பம்பாய் விபத்தை ஜப்பானியர் கையில் இருந்த சைகோன் வானொலி மறுநாளே விரிவாக ஒலிபரப்பியது. இந்தியச் செய்தியாளர்களுக்குத் தணிக்கை அனுமதி கிடைத்ததோ மே மாதத்தில்தான். இருட்டில் விடப்பட்டது நம் மக்கள்தான்.

2022 ஜூலையில் கருங்கடல் தானிய ஏற்பாடு உருவானபோது, போரிட்டுக்கொண்டிருந்த ரஷ்யாவும் உக்ரைனும் துருக்கி, ஐ.நா. பிரதிநிதிகளோடு இஸ்தான்புல்லில் ஒரே மையத்தில் இருந்தபடி கப்பல்களைச் சோதித்து, உடன்பட்ட வழியில் அனுப்பின. ஓராண்டில் சுமார் 3.3 கோடி டன் உணவுப்பொருள் வெளியேறியது. பகைவர்களுக்கு இடையிலேயே தகவல் பகிர முடிந்திருக்கிறது. ஒரே துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கு இடையில் முடியாதா?

எங்கள் கோரிக்கைகள்

1. கொடியைத் தவிர்க்கலாம், விவரத்தைத் தவிர்க்கக் கூடாது. ஆபத்தான சரக்கின் வகை, எடை, இருக்கும் அறை ஆகியவை கப்பல் நுழையுமுன் பைலட்டுக்கும் தீயணைப்புப் படைக்கும் துறைமுக மருத்துவமனைக்கும் எழுத்தில் சேர வேண்டும். சரக்கு இறக்கும் தொழிலாளிக்கு வேலை தொடங்குமுன் சொல்லியாக வேண்டும்.

2. வெடிமருந்துக் கப்பல் குடியிருப்பை ஒட்டிய கப்பல்துறைக்குள் வரக் கூடாது. வெளியே நங்கூரமிட்டுப் படகுகளில் இறக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் சரக்கை அதோடு ஏற்றக் கூடாது.

3. வெடிமருந்துக் கப்பல் நகரும்போது நீர்வழியில் வேறு கப்பல் நகரக் கூடாது.

4. தீப்பிடித்த கப்பலை வெளியே இழுக்கவோ மூழ்கடிக்கவோ உடனே ஆணையிடும் முழு அதிகாரம் ஒரே அதிகாரியிடம் இருக்க வேண்டும். அவர் யார் என்பது எல்லாப் பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

5. எந்த விதித் தளர்வும் கையொப்பமிட்ட ஆணையாக, காலக்கெடுவோடு மட்டுமே வர வேண்டும்.

ஹாலிபாக்ஸில் விதி இருந்தது, போர் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். ஆகவே இவை அமைதிக்காலத்திலேயே, போரைக் காரணம் காட்டி நீக்க முடியாத சட்டமாக எழுதப்பட வேண்டும். அரசும் துறைமுக நிர்வாகங்களும் அதற்கான வரைவைத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு இப்போதே தொடங்க வேண்டும் என்று கோருகிறோம்.