துலக்குதல் வேறு, பேணுதல் வேறு

பாட்டனார் கையாண்ட பொருள் பேரன் கைக்கு வரும்போது அதனோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருகின்றது. அதை அவர் விட்டுச் சென்றபடியே வைத்திருப்பதா, அன்றிப் புதுக்கிப் பயன்படுத்துவதா? வீட்டைப் பற்றியும் ஏட்டுச் சுவடியைப் பற்றியும் இக்கேள்வியைப் பலர் எழுப்பியிருக்கின்றனர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது மிகச் சிறியதொரு பொருளை. தூண்டிற்கோலின் அடியிற் பூட்டப்பட்டு, கயிற்றைச் சுற்றவும் விடவும் உதவும் றீலே அது. பொருள் சிறிதாயினும் கேள்வி சிறிதன்று.

றீலின் வரலாறு நெடியது. சீன ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியமொன்றிலே, ஏரியில் தனித்துப் படகிலிருந்து மீன் பிடிப்பவனின் கோலில் றீல் காணப்படுகின்றது. எனினும், இன்று முதுசமாகக் கைக்கு வரும் றீல்களிற் பெரும்பாலானவை கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டவை. இங்கிலாந்தின் வடக்கிலுள்ள அனிக் நகரில் ஹார்டி சகோதரர்கள் 1891இற் செய்யத் தொடங்கிய 'பெர்பெக்ட்' றீல் அவற்றுட் புகழ்பெற்றது. நமது மலைநாட்டிலும் இத்தகைய கருவிகளுக்கு இடமிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் துரைமார் நுவரெலியாப் பகுதியின் ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டபோது, அதைப் பிடிக்கும் கோலும் றீலும் உடன் வந்தன.

இவற்றைச் செய்தோர் யாவர் என்று நோக்கினால் இப்பொருளின் இயல்பு விளங்கும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பற்சக்கர றீல்களைச் செய்தவர்கள் மணிக்கூட்டுத் தொழிலாளரும் வெள்ளி வேலைக்காரருமாவர். சுவீடன் நாட்டின் 'அபு' நிறுவனம் 1921இல் மணிக்கூட்டுத் தொழிற்சாலையாகத் தொடங்கி, வாடகைக் கார்களின் கட்டண மீற்றர்களையும் செய்து, பின்னரே றீலுக்கு வந்தது. 1950களில் அது வெளியிட்ட 'அம்பாசடர்' றீலின் பக்கத் தகட்டை, மூன்று திருகாணிகளை விரலாலேயே தளர்த்திக் கழற்றிவிடலாம். றீல் மணிக்கூட்டின் உடன்பிறப்பு. உரியவனே திறந்து, துடைத்து, எண்ணெயிட்டு மூட வேண்டும் என்பது அதைச் செய்தவரின் கருத்தாக இருந்தது.

இன்று இவ்விடயத்தில் இரு கட்சியினர் உளர். முதற் கட்சியார் பழைய றீலைக் கண்டதும் மெருகுச் சக்கரத்தைத் தேடுவர். அது கண்ணாடி போல் மின்னினால் அன்றி அவர்களுக்கு மனநிறைவு இல்லை. இரண்டாங் கட்சியார் அதைக் கண்ணாடிப் பெட்டியுள் வைத்து, ஒரு திருகாணியையும் தொடக்கூடாது என்பர். இரு சாராரும் பாட்டனாரிடத்து அன்புடையவரே. ஆயினும், இருவரும் அவர் விட்டுச் சென்றதைத் தவறாக விளங்கிக்கொண்டுள்ளனர் என்பது எமது கருத்து.

பித்தளைப் பொருளைத் துலக்குவது நமது வழக்கமன்றோ எனக் கேட்பீர்கள். உண்மை, குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்காத வீடு இல்லை. ஆனால் விளக்கு ஒளிரவே செய்யப்பட்டது. றீல் ஒளிராதிருக்கச் செய்யப்பட்டது. வெயிலிற் பளிச்சிடும் உலோகம் மீனை வெருட்டிவிடும் என்பதற்காகவே, அக்காலத்தார் பித்தளைக்கும் அலுமினியக் கலவைக்கும் கருமை சார்ந்த பூச்சை வேண்டுமென்றே கொடுத்தனர். அதைத் தேய்த்து அகற்றுபவர் அழுக்கை நீக்கவில்லை. செய்தவரின் அறிவை நீக்குகின்றார். பழம்பொருள் சேர்ப்போர் மெருகிட்ட றீலுக்கு விலை குறைத்துக் கேட்பதும் இதனாலேயே.

அகற்றப்படுவது பூச்சு மட்டுமன்று. பழைய ஆங்கில றீல்கள் சிலவற்றின் உட்புறத்தில், அதைச் செய்த தொழிலாளியின் பெயரின் முதலெழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். வெளியே கடையின் பெயர் பெரிதாக இருக்கும். செய்தவனுக்குச் சான்றாக நிற்பது உள்ளேயிருக்கும் அச்சிற்றெழுத்து ஒன்றே. 'அம்பாசடர்' றீலின் பாதத்திலுள்ள இலக்கங்களில் முதல் இரண்டும் ஆண்டையும் அடுத்த இரண்டும் மாதத்தையும் குறிப்பன. கைப்பிடியின் தேய்வோ பாட்டனாரின் விரல் பட்ட இடம். மெருகுச் சக்கரத்துக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

அங்ஙனமாயின் தொடாதிருப்பதே நன்று என்று இரண்டாங் கட்சியார் மகிழ வேண்டாம். தொடாத றீல் அப்படியே இருப்பதில்லை. உள்ளே தங்கிய உப்பு அலுமினியத்தை வெண்பொடியாக அரிக்கின்றது. உருக்குப் பாகங்களிற் கறள் ஏறுகின்றது. பழைய கிறீஸ் மெழுகுபோல் இறுகுகின்றது. கண்ணாடிப் பெட்டி தூசியைத் தடுக்குமேயன்றி இவற்றைத் தடுக்காது. மிக அரிய முதற்காலப் படைப்பாயின் நூதனசாலைக்குரிய நெறிகளைப் பின்பற்றுவது தகும். குடும்பத்தில் வந்த சாதாரண றீலுக்கு அவ்வளவு ஆசாரம் வேண்டியதில்லை.

செய்யவேண்டியது அதிகமில்லை, பொறுமையே அதிகம் வேண்டும். இறுகிய திருகாணிக்கு எண்ணெயிட்டு இரண்டொரு நாள் காத்திருத்தல் வேண்டும். பள்ளத்துக்குப் பொருந்தாத திருப்புளி திருகாணியின் தலையைச் சிதைத்துவிடுமாதலால், அதன் நுனியை அரத்தால் அராவி அளவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய கிறீஸை அகற்ற மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும் போதும். எரிசோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும், வெந்நீர் எபனைற்றுத் தகட்டின் கருநிறத்தைக் கெடுத்துவிடும், இரண்டையும் அணுகவிடலாகாது.

றீல் சுழலும்போது எழும் 'கிரிக் கிரிக்' ஓசையைப் பலர் வெறும் அலங்காரமென எண்ணுவர். சிறியதோர் உருக்கு நாக்கு, வில்லொன்றின் அழுத்தத்தாற் பற்சக்கரத்தைத் தட்டுவதால் எழுவது அது. மீன் கயிற்றை இழுத்தோடும்போது றீல் கட்டுமீறிச் சுழலாமல் தடுப்பதும் அந்நாக்கே. நாக்கு தேய்ந்திருந்தாலோ வில் முறிந்திருந்தாலோ புதியதை இடுவதிற் பிழையில்லை. ஓடுவதற்குத் தேவையானதை மாற்றலாம், கண்ணுக்கு அழகானதை மாற்றலாகாது என்பதே நாம் கூறும் விதி. மாற்றிய பழைய பாகத்தையும் வீசாது ஓர் உறையிலிட்டு வைத்தல் வேண்டும்.

இவ்வேலையைக் கூலிக்கு விடாமல் வாரிசே செய்தல் நன்று. திறந்து பார்ப்பவனுக்கு, முன்னையவர் எங்கு எண்ணெயிட்டார், எதை மறந்தார், எந்தத் திருகாணிக்குப் பதிலாக வேறொன்றைத் தேடிப் பூட்டினார் என்பவை தெரியவரும். உயிரோடிருந்த காலத்தில் அவரிடம் கேட்டறியாத சிலவற்றையும் அப்பொருள் சொல்லிவிடும். பளபளப்பாகத் திரும்பி வரும் றீல் அவற்றைச் சொல்லாது.

வேலை முடிந்தபின் ஒரு துண்டுக் கடதாசியில், திறந்த ஆண்டையும், மாற்றிய பாகத்தையும், இட்ட எண்ணெயையும் எழுதி றீலோடு வைத்துவிடுங்கள். பிறகு அதைக் கோலிற் பூட்டி நீர்நிலைக்குக் கொண்டுசெல்லுங்கள். உங்களுக்குப் பின் அதைத் திறப்பவருக்கு அக்கடதாசியும் முதுசத்தின் ஒரு பகுதியாகும்.