மூளை அலைப் பயிற்சி: எடை பார்த்து வாங்குவோம்



கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாலும், நம் மனம் மட்டும் கடைக்குள்ளேயே இருக்கிறது. மொத்த வியாபாரிக்கு நாளை கட்ட வேண்டிய தொகை, அறுவடை முடிந்தால் தருகிறேன் என்ற விவசாயியின் பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு என்று ஒன்று போனால் ஒன்று. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயலும், 2015 நவம்பர் வெள்ளமும் கடலூர் மாவட்டத்தைப் படுத்திய பாட்டை நாம் மறக்கவில்லை. இன்றும் வானம் கறுத்தால் கிடங்கு மூட்டைகளை நினைத்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

கவலை வியாபாரத்தோடு கூடப் பிறந்தது. ஆனால் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, படபடத்து, கல்லாவில் உட்காரவே பயமாக இருந்தால் அது வெறும் கவலை அல்ல. பதற்ற நோயாக இருக்கலாம்.

இதற்கு நகரங்களில் 'நியூரோஃபீட்பேக்' என்ற மூளை அலைப் பயிற்சி தருகிறார்கள். தலையில் சிறு மின்வாய்களை ஒட்டி, மூளையின் மின் அலைகளைக் கணினியில் அளக்கிறார்கள். கண்மூடி அமைதியாக இருக்கையில் வினாடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் ஆல்ஃபா அலை கூடும். வேண்டிய அலை வந்தால் திரையில் படம் தெளியும், இல்லாவிட்டால் மங்கும். இப்படியே மூளையைப் பழக்குகிறார்கள். ஊசி, மாத்திரை கிடையாது. ஆனால் பெரும்பாலும் 20 முறைக்குக் குறையாமல் போக வேண்டும்.

இது ஏமாற்று வித்தை அல்ல. மனித மூளையின் அலைகளை 1924-ல் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். 1960-களில் அமெரிக்காவில் ஜோ கமியா ஆல்ஃபா பயிற்சியை ஆராய்ந்தார். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் நியூரோஃபீட்பேக் ஆய்வுகள் நடந்துள்ளன.

ஆனால் ஈரப்பதம் பார்க்காமல் நெல் மூட்டைக்கு விலை பேசுகிறவர்களா நாம்? பதற்றம் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் பல, சிலரை மட்டும் வைத்துச் செய்தவை. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கவனக்குறைபாடு உள்ள பெரியவர்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், மெய்யான பயிற்சி பெற்றவர்களும் போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். அப்படியானால் பலன் தந்தது கருவியா, அக்கறையாகக் கவனித்த மனிதரா என்ற கேள்வி நிற்கிறது.

கம்மாபுரத்து மளிகைக்காரர் 20 தடவை சென்னைக்குப் போனால் கடை 20 நாள் மூடிக் கிடக்கும். பதற்றம் தீரப் போய்க் கடனோடு திரும்புவது நல்ல வணிகமா? மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பவரிடம் கட்டாதீர்கள் என்பதே என் கருத்து.

முதலில் நிரூபணமான வழிகளைப் பார்ப்போம். நெஞ்சு படபடத்தால் முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இதயத்தில் குறையில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். சிந்தனைப் போக்கை மாற்றும் பேச்சு சிகிச்சைக்கும் மருந்துக்கும் வலுவான சான்று உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவம் இலவசம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவக் காப்பீட்டில் மன நோயையும் உடல் நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

நம்மைத் தடுப்பது செலவு மட்டும் அல்ல. "மனநல டாக்டரிடம் போனார் என்று தெரிந்தால் நாளைக்கு யார் கடனுக்குச் சரக்குப் போடுவார்கள்?" என்ற பயம்தான். வணிகனுக்கு முதல் என்பது நாணயம். அதற்குக் குறை வந்துவிடுமோ என்றே நோயை மறைக்கிறோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவரின் நாணயத்தை யாரும் சந்தேகிப்பதில்லையே! இதற்கு மட்டும் ஏன்?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அரசு மனநல மருத்துவர் ஒருவரை நம் சங்கம் அழைக்கட்டும். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டால் யாருக்கும் தனியாக வெட்கப்பட ஒன்றும் இராது.